கட்டிலருகே ஒரு நாற்காலி: அமெரிக்க நர்சிங் ஹோம் குறைதீர்ப்பாளர்களுக்குத் துணை நிற்க முழுமையான வழிகாட்டி

நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பிரசவத்துக்கோ குடல்வால் ஆபரேஷனுக்கோ போய், நான்கு நாளில் டிஸ்சார்ஜ் ஆகி வரும் சின்ன ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் அதே பெயருக்குப் பொருள் வேறு. தானாக எழுந்து குளிக்க, உடுத்த, கழிப்பறைக்குப் போக முடியாதவர்கள் மாதக்கணக்கில் தங்கும் இடம் அது. பலருக்கு அதுதான் கடைசி முகவரி. நாடு முழுக்க ஏறத்தாழ 15,000 இல்லங்கள், அவற்றில் சுமார் 12 லட்சம் பேர். ஓரளவு நடமாட்டம் உள்ளவர்கள் இருக்கும் அசிஸ்டட் லிவிங் இல்லங்கள் தனிக் கணக்கு.

இந்த இடங்களுக்கு அவ்வப்போது ஒருவர் வருவார். வெள்ளைக் கோட்டு கிடையாது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் சின்ன நோட்டு. அறைக் கதவைத் தட்டி "வரலாமா?" என்று கேட்பார். "வாங்க" என்றால் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்காருவார். அவர்தான் ஆம்புட்ஸ்மேன். வங்கி ஆம்புட்ஸ்மேன் என்று நம் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்களே, அதே சொல்தான். ஸ்வீடனில் 1809-ல் அதிகாரிகள்மீது வரும் புகார்களை விசாரிக்க நாடாளுமன்றத்தின் சார்பில் உருவாக்கிய பதவியிலிருந்து உலகமெல்லாம் பரவியது. இனி குறைதீர்ப்பாளர் என்றே எழுதுகிறேன்.

நானும் இதில் ஒரு தன்னார்வலன். எந்த மாநிலம், எந்த இல்லம், யாருடைய கதை என்று எதையும் சொல்லமாட்டேன். சொல்லக்கூடாது என்பதுதான் இந்த வேலையில் முதலில் கற்றுத் தருவது. அமெரிக்காவில் இருக்கும் தமிழர்களில் சிலருக்கு அப்பாவோ அம்மாவோ இப்படி ஓர் இல்லத்தில் இருக்கலாம். சிலருக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் மிச்சம் இருக்கலாம். சிலருக்கு இரண்டும் இல்லாமல் உதவும் மனம் மட்டும் இருக்கலாம். மூவருக்கும் இதில் வேலை இருக்கிறது.

படி 1: அவர் யார், யார் அல்ல

இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாவிட்டால் பின்னால் எல்லாமே குழம்பும். குறைதீர்ப்பாளர் இன்ஸ்பெக்டர் இல்லை. அபராதம் போட முடியாது, உரிமத்தை ரத்து செய்ய முடியாது. அந்த அதிகாரம் மாநில அரசின் ஆய்வுத் துறைக்கு. அவர் இல்லத்தின் சம்பளத்தில் இருப்பவரும் இல்லை. அவர் அங்கே குடியிருப்பவரின் ஆள். கட்டணம் எதுவும் கிடையாது.

1960-களில் பெருகிய இல்லங்களில் நடந்த கொடுமைகள் வெளியே வந்தபோது, 1971-ல் அதிபர் நிக்சன் ஒரு சீர்திருத்தத் திட்டத்தை அறிவித்தார். அதிலிருந்து பிறந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தை முன்னின்று வளர்த்தவர் அவருடைய முதியோர் நல ஆலோசகர் ஆர்தர் ஃப்ளெமிங். 1972-ல் சில மாநிலங்களில் சோதனையாக ஆரம்பித்து, 1978-ல் முதியோர் சட்டத் திருத்தத்தின் மூலம் எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமானது. 1981-ல் சிறு பராமரிப்பு இல்லங்களும் சேர்ந்தன. 1987-ல் வந்த நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம்தான் குடியிருப்போரின் உரிமைகளை வரிசையாக எழுதி வைத்தது. இன்றும் நாங்கள் கையில் பிடித்துக்கொண்டு பேசுவது அதைத்தான்.

ஒரு விஷயம் பலருக்கும் அதிர்ச்சியாக இருக்கும். குடியிருப்பவர் சம்மதிக்காமல் குறைதீர்ப்பாளர் அவர் பெயரை வெளியே சொல்லமாட்டார், புகாரைத் தொடரவும் மாட்டார். "என்னை இப்படிப் பேசினாங்க, ஆனா யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று ஒருவர் சொன்னால் நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். மறுவாரம் திரும்பவும் போய் உட்காரலாம், "இப்ப என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்கலாம். சம்மதம் சொல்லும் நிலையிலேயே அவர் இல்லை என்றால் என்ன செய்வது என்பதற்குத் தனி விதிகள் உண்டு. மற்றபடி, முடிவு கட்டிலில் இருப்பவருடையது. இந்த ஒன்றை ஜீரணிக்க எனக்கே நாளானது.

படி 2: தேவை வரும் முன்பே எண்ணைக் கண்டுபிடியுங்கள்

இல்லத்தின் வரவேற்பறையிலோ நடைபாதையிலோ குறைதீர்ப்பாளரின் பெயர், தொலைபேசி எண்ணோடு ஒரு தாள் ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். செயற்கைச் செடிக்குப் பின்னால் அதைப் பார்த்தவன் நான். கண்ணில் படவில்லை என்றால் கேளுங்கள். கேட்பதே ஒரு செய்தி. எல்டர்கேர் லொகேட்டர் என்ற அரசுச் சேவையின் எண் 1-800-677-1116. அதைக் கூப்பிட்டு உங்கள் பகுதியைச் சொன்னால் உள்ளூர் அலுவலகத்தைச் சொல்வார்கள். எண்ணை ஃபோனில் சேமித்து வையுங்கள். இரவு பதினோரு மணிக்குப் பதற்றத்தில் கூகுளில் தேடுவதைவிட நல்லது.

படி 3: உங்கள் வீட்டுப் பெரியவர் அங்கே இருந்தால்

குறைதீர்ப்பாளருக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, குடும்பத்தின் வேலையை நீங்கள் ஒழுங்காகச் செய்வது. ஒருவர் பத்துப் பதினைந்து இல்லங்களைப் பார்ப்பது இங்கே சாதாரணம். உங்கள் அம்மாவுக்குக் காலையில் காபிக்கு முன் மாத்திரை கொடுத்தார்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

சேர்க்கும் நாளிலேயே ஆரம்பியுங்கள். ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டி, "ரெஸ்பான்சிபிள் பார்ட்டி" என்ற இடத்தில் மகனையோ மகளையோ கையெழுத்துப் போடச் சொல்வார்கள். நாமும் பாசத்தில் போட்டுவிடுவோம். பெற்றவருக்கான பில்லை உங்கள் சொந்தப் பணத்தில் கட்டுவதாக உத்தரவாதம் தரச் சொல்லும் உரிமை நர்சிங் ஹோமுக்கு இல்லை. கூட்டரசின், அதாவது அமெரிக்க மத்திய அரசின், சட்டம் அதைத் தடுக்கிறது. பெற்றவரின் பணத்தைக் கையாளும் அதிகாரம் உங்களுக்கு இருந்தால், அந்தப் பணத்திலிருந்து கட்டுவதாக மட்டும் ஒப்புக்கொள்ளலாம். அதேபோல, தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் நடுவர் தீர்ப்புக்குக் கட்டுப்படுவேன் என்ற தாளும் கட்டுக்குள் இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டால்தான் சேர்ப்போம் என்று சொல்லக்கூடாது. "இதை வீட்டில் படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அப்புறம் பராமரிப்புத் திட்டம். சேர்ந்த 48 மணி நேரத்தில் ஓர் அடிப்படைத் திட்டம், 14 நாளுக்குள் முழு மதிப்பீடு, அது முடிந்த ஏழு நாளில் விரிவான திட்டம், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபார்வை. இந்தக் கூட்டத்துக்குக் குடியிருப்பவரைக் கூப்பிட வேண்டும். அவர் விரும்பினால் நீங்களும் போகலாம். வேலை இருக்கிறது, ஃபோனில் சேர்ந்துகொள்கிறேன் என்றாலும் சரி. ஆனால் தவறவிடாதீர்கள். உணவு விஷயத்தை இங்கேதான் எழுத வைக்க வேண்டும். சைவம் என்றால் சிக்கன் துண்டை எடுத்துவிட்டு சூப்பை வைப்பது என்று நினைக்கும் சமையலறைகள் இன்னும் உண்டு. மதம், பழக்கவழக்கம் சார்ந்த உணவுத் தேவையை மெனு தயாரிக்கும்போது கணக்கில் எடுக்க இயன்ற முயற்சி செய்ய வேண்டும் என்று விதியே சொல்கிறது. "ஊறுகாய் பாட்டில் அறையில் வைக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள்; பெரும்பாலும் ஒரு வழி கிடைக்கும். தன் உடல்நிலையைத் தனக்குப் புரியும் மொழியில் தெரிந்துகொள்வதும் உரிமைதான். தமிழுக்குத் தொலைபேசி மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். டாக்டர் சொல்வதை மருமகள் மொழிபெயர்க்கும் ஏற்பாடு எல்லா நேரத்திலும் சரிப்படாது, குறிப்பாக மருமகளைப் பற்றியே ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும்போது.

இனி வருவது நம்மவர்களுக்குக் கஷ்டமான பகுதி. குறைதீர்ப்பாளர் வந்தால் அவரையும் அம்மாவையும் தனியாக விட்டுவிட்டு வெளியே போங்கள். "எங்கம்மாவுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?" என்று கோபம் வரும். எனக்கும் வந்திருக்கும். வீட்டில் பெரியவர்களுக்கு என்ன டாக்டர், என்ன டிவி, என்ன சாப்பாடு என்று நாமே முடிவெடுத்துப் பழகிவிட்டோம், அதைப் பாசம் என்றே நம்புகிறோம். ஆனால் மகன் முன்னால் ஒரு அம்மா என்ன சொல்வார்? "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, நீ வேலையைப் பாரு." பிள்ளைக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற பயம். குறை சொன்னால் இரவு நர்ஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாரோ என்ற பயம் வேறு. தனியாக உட்கார்ந்தால்தான் மெல்ல வாய் திறக்கும். அப்போது கேட்பது பெரும்பாலும் நாம் நினைக்காத ஒன்று: காலை ஐந்துக்கு எழுப்பாமல் ஏழு வரை தூங்கவிட வேண்டும், ஆண் உதவியாளர் குளிப்பாட்ட வேண்டாம், ஜன்னல் பக்கக் கட்டில் வேண்டும். மகன் சொன்னதும் அம்மா சொல்வதும் வேறாக இருந்தால், குறைதீர்ப்பாளர் அம்மா பக்கம்தான் நிற்பார். அதற்குத்தான் அவர் இருக்கிறார்.

நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, நேரம், யார் பேசினார், என்ன சொன்னார். "கவனிக்கவே மாட்டேங்கிறாங்க" என்ற புகாரை வைத்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. "செவ்வாய் மாலை 6:10-க்கு மணி அடித்தார், 6:50-க்கு ஆள் வந்தது, அதற்குள் துணி நனைந்திருந்தது" என்றால் குறைதீர்ப்பாளர் அதை நேரே நர்சிங் டைரக்டர் மேஜையில் வைப்பார்.

வெளியேற்றும் நோட்டீஸ் வந்தால் உடனே ஃபோன் செய்யுங்கள். நர்சிங் ஹோம் புகார்களில் வருடக்கணக்காக முன்வரிசையில் இருப்பது இதுதான். நினைத்தபடி அனுப்பிவிட முடியாது. சட்டம் அனுமதிக்கும் காரணங்கள் சிலவே. வழக்கமாக 30 நாள் முன்பே எழுத்தில், காரணத்தோடு, எங்கே அனுப்புகிறார்கள் என்பதோடு, மேல்முறையீட்டு உரிமையோடு தர வேண்டும். நகல் ஒன்று மாநிலக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கும் போக வேண்டும். இதில் பலர் ஏமாறுவது மெடிகேர் (பெரும்பாலும் 65 வயதானவர்களுக்கான அரசுக் காப்பீடு) விஷயத்தில். மெடிகேர் அதிகபட்சம் 100 நாள்தான், அதிலும் முதல் 20 நாளுக்குத்தான் முழுப் பணம். "மெடிகேர் முடிந்தது, கிளம்புங்கள்" என்று வாய்மொழியாகச் சொல்வார்கள். காப்பீடு நின்றுபோவது மட்டுமே வெளியேற்றக் காரணம் ஆகாது. சொந்தப் பணத்திலோ மெடிக்கெய்டிலோ (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவி) தொடர வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பச் சேர்க்க மறுப்பது இன்னொரு தந்திரம். அதற்கும் விதி உண்டு, அதற்கும் இதே எண்தான்.

முடிந்தால் மற்றக் குடும்பங்களோடு சேர்ந்து குடும்பக் குழு ஆரம்பியுங்கள். நர்சிங் ஹோம் அதற்கு இடம் தர வேண்டும், குழு அழைத்தால்தான் ஊழியர்கள் உள்ளே வரலாம். தனி ஆளின் புகார் தொந்தரவு. எட்டுக் குடும்பத்தின் கடிதத்துக்குப் பதில் வரும்.

படி 4: நீங்களே தன்னார்வலர் ஆவது

இந்த ஏற்பாடு ஓடுவதே தன்னார்வலர்களால்தான் என்று சொல்லலாம். மருத்துவப் படிப்பு வேண்டாம், வக்கீலாக இருக்க வேண்டாம். ரிட்டயரான வாத்தியார்கள் இதில் அருமையாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன்: பொறுமை, குரல், நோட்டில் எழுதும் பழக்கம் மூன்றும் இருக்கும்.

உள்ளூர் அலுவலகத்தைக் கூப்பிட்டு ஆர்வத்தைச் சொல்லுங்கள். விண்ணப்பம், நேர்காணல், குற்றப் பின்னணிச் சோதனை. பிறகு உங்களுக்கு ஏதாவது முரண் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்: இல்லம் ஒன்றில் வேலை செய்கிறீர்களா, பங்கு வைத்திருக்கிறீர்களா, சொந்தக்காரர் யாராவது அங்கே இருக்கிறாரா? உங்கள் அப்பா இருக்கும் இல்லத்தையே உங்களுக்குத் தரமாட்டார்கள். கூட்டரசு வகுத்த தரப்படி, சான்று பெற குறைந்தது 36 மணி நேரப் பயிற்சி. அதன் பிறகு ஆண்டுதோறும் 18 மணி நேரம். ஒரு பகுதி வகுப்பில், ஒரு பகுதி அனுபவம் உள்ளவரோடு இல்லத்துக்குள்ளேயே. இதைக் கேட்டுப் பின்வாங்குகிறவர்கள் உண்டு. கடினமான பாடம் எதுவும் இல்லை, பேசாமல் கேட்கப் பழகுவதுதான் பாதி.

சந்திப்பு எப்படி இருக்கும்? முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவதில்லை. உணவு நேரத்தை ஒட்டிப் போனால் நிறையத் தெரியும். தட்டு வந்து எவ்வளவு நேரம் ஆகியும் ஊட்ட ஆள் வரவில்லை? தண்ணீர்க் குவளை கைக்கு எட்டுகிறதா? அழைப்பு மணியின் கயிறு கட்டிலுக்குப் பின்னால் விழுந்து கிடக்கிறதா? மூக்கும் வேலை செய்ய வேண்டும். சில நடைபாதைகள் வாசலிலேயே சொல்லிவிடும். பிறகு அறைகள். கதவைத் தட்டுங்கள், அனுமதி கேளுங்கள், நின்றபடி பேசாதீர்கள். முதல் மூன்று தடவை வானிலை, பேரப்பிள்ளைகள், பழைய வேலை என்று பேச்சு போகும். நான்காவது தடவைதான் "சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே" என்று ஆரம்பிப்பார்கள். எனக்குப் பயிற்சி கொடுத்த அம்மையார் சொல்வார், முதல் மூன்றுமே வேலைதான் என்று.

புகார் ஒன்று வந்தால் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: "இது எப்படி முடிஞ்சா உங்களுக்குச் சரின்னு தோணும்?", "உங்க பேரைச் சொல்லி நான் பேசலாமா?" அனுமதி கிடைத்தால் முதலில் கீழ்மட்டத்திலேயே பேசிப் பாருங்கள். உதவியாளர்களைக் குற்றவாளியாகப் பார்த்தால் காரியம் கெடும். ஒருவரே பதினைந்து பேரைப் பார்த்துக்கொண்டு, இரண்டு ஷிஃப்ட் சேர்த்துச் செய்கிறவராக இருப்பார். ஆனால் "ஆள் பற்றாக்குறை" என்ற பதிலை நிர்வாகத்திடம் ஏற்றுக்கொள்ளாதீர்கள். போதுமான ஆள் வைப்பது அவர்கள் பொறுப்பு.

செய்யக்கூடாதவை: யாரையும் தூக்கி உட்கார வைக்காதீர்கள், ஊட்டாதீர்கள். மனம் கேட்காது, ஆனால் புரையேறினால் பொறுப்பு யாருடையது? பரிசு வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள். யாருக்கும் பவர் ஆஃப் அட்டர்னி ஆகாதீர்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம்கூடப் பெயர் சொல்லாதீர்கள். தமிழ் பேசும் குடியிருப்பவர் கிடைத்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், நம் சமூகம் சின்னது, "எந்த ஊர்?" என்று ஆரம்பித்தால் இரண்டே கேள்வியில் யார் என்று தெரிந்துவிடும்.

படி 5: நேரம் இல்லாதவர்களுக்கு

தமிழ்ச் சங்கப் பொறுப்பில் இருந்தால், உள்ளூர்க் குறைதீர்ப்பாளரை ஒரு மணி நேரம் பேசக் கூப்பிடுங்கள்; இலவசமாகவே வருவார்கள். அக்டோபர் மாதத்தைக் குடியிருப்போர் உரிமை மாதமாகக் கொண்டாடுகிறார்கள், அதையொட்டி வைத்தால் பொருத்தமாக இருக்கும். பொங்கல் விழாவின் சாப்பாட்டு வரிசைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டாலே போதும். குடியிருப்போர் உரிமைகளைத் தமிழில் ஒரு பக்கத் தாளாக்கி, அலுவலகத்திடம் காட்டிச் சரிபார்த்துக் கொடுங்கள்.

பணம் தர நினைத்தால் உள்ளூர் அலுவலகம் நேரடியாக நன்கொடை வாங்க முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் லாபநோக்கற்ற அமைப்புகளே இதை நடத்துகின்றன. தேசிய அளவில் 1975-ல் எல்மா ஹோல்டர் தொடங்கிய அமைப்பு இப்போது கன்ஸ்யூமர் வாய்ஸ் என்ற பெயரில் இயங்குகிறது. குறைதீர்ப்பாளர்களுக்கான தேசிய வள மையத்தையும் நடத்துகிறது. அதன் தளத்தில் உள்ள இலவசக் கையேடுகளைக் குடும்பங்கள் அவசியம் பார்க்க வேண்டும். சின்ன உதவி என்றால் இதையும் சொல்கிறேன்: மெடிக்கெய்டில் இருப்பவரின் வருமானம் ஏறக்குறைய முழுதும் இல்லத்துக்குப் போய்விடும். கைச்செலவுக்கு விடும் தொகையில் கூட்டரசின் குறைந்தபட்சம் மாதம் 30 டாலர், அதுவும் 1988-லிருந்து மாறவில்லை. சில மாநிலங்கள் கூட்டித் தருகின்றன. முடிவெட்ட, ஒரு செருப்பு வாங்க, ஃபோன் பில் கட்ட எல்லாம் அதில்தான். இல்லத்தில் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் இயக்குநரிடம் கேட்டு, யாருமே பார்க்க வராதவர்களுக்குச் சாக்ஸ், சால்வை என்று வாங்கித் தரலாம்.

படி 6: சட்டமும் பணமும்

2020 மார்ச் 13-ல் கொரோனாவால் நர்சிங் ஹோம் கதவுகள் மூடப்பட்டன. குடும்பங்கள் மட்டுமல்ல, குறைதீர்ப்பாளர்களும் மாதக்கணக்கில் வெளியே நின்றார்கள். ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று ஃபோனில் பேசினோம். காது கேளாதவரோடு அதுவும் முடியவில்லை. உள்ளே போகும் உரிமை காகிதத்தில் இருந்தால் போதாது என்று அப்போது புரிந்தது.

1995-ல் மருத்துவக் கழகத்தின் (இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்) அறிக்கை ஒன்று 2,000 படுக்கைக்கு ஒரு முழுநேர ஊழியராவது வேண்டும் என்றது. முப்பது வருடம் ஆகியும் அதை எட்டாத மாநிலங்கள் உண்டு. உங்கள் மாநிலத்தில் எத்தனை படுக்கைக்கு ஒருவர் என்று மாநிலக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்திடமே கேளுங்கள். ஆண்டறிக்கை வெளியிடுவது அவர்கள் கடமை. 2024-ல் மத்திய அரசு ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 3.48 மணி நேர நர்சிங் பராமரிப்பு என்று குறைந்தபட்சம் வகுத்தது. 2025 ஏப்ரலில் டெக்சாஸ் நீதிமன்றம் ஒன்று அதை ரத்து செய்தது. மேலே நடப்பது இப்படி இருக்க, நம் கைக்கு எட்டுவது மாநிலச் சட்டமன்றம்தான்.

உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதும்போது நீளம் வேண்டாம். நீங்கள் அவர் தொகுதியில் குடியிருப்பவர் என்பது முதல் வரி. குடியுரிமை இல்லாதவரும் எழுதலாம். உண்மையாக நடந்த ஒரே ஒரு சம்பவம், சம்பந்தப்பட்டவர் சம்மதித்தால் மட்டும், பெயர் இல்லாமல். கடைசியில் ஒரே ஒரு கோரிக்கை: குறைதீர்ப்பாளர் திட்டத்துக்கு இந்த ஆண்டு பட்ஜெட்டில் இன்னும் எத்தனை ஊழியர்கள் வேண்டும் என்பது. மூன்று கோரிக்கை வைத்தால் மூன்றும் போகும். நீங்கள் தன்னார்வலராகச் சான்று பெற்றிருந்தால், யார் பெயரில் எழுதலாம் என்று அலுவலகத்தைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். பெரும்பாலான மாநிலச் சட்டமன்றங்கள் ஜனவரியில் கூடும். டிசம்பரில், அவர்கள் ஊரில் இருக்கும்போது, உள்ளூர் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கொடுப்பது மின்னஞ்சலைவிட மேல். முடிந்தால் குடும்பக் குழுவிலிருந்து இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.